மலையிலிருந்து ஒரு வாழ்த்துத் தந்தி

மலைக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறந்தாலும் பரவாயில்லை, ஊறுகாயை மறக்கக்கூடாது. குளிரில் நாக்கு மரத்துப்போகிறது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சும்மா சொன்னேன்.

என் பெயர் வாலண்டைன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன், சரக்கு ஆபீசில் கிளார்க். இந்த முப்பத்து நான்காம் வருஷக் கிறிஸ்மஸுக்கு என் மனைவி செசிலியாவை அழைத்துக்கொண்டு ரவாங்குக்கு வடக்கே ஒரு மலை பங்களாவுக்குப் போனேன். பங்களாக்காரத் துரை சீமைக்குப் போயிருந்தார். காவல்காரர் நாகையா எனக்கு வேண்டியவர்.

துரை இல்லாத வீட்டில் துரையாக இருப்பது தனிச் சுகம். கணப்பு மூட்டினோம். புகை முழுக்க வீட்டுக்குள்ளேயே வந்தது. இருமிக்கொண்டே கிறிஸ்மஸ் பாட்டுப் பாடினோம். செசிலியா மூன்று சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அதற்கும் மேலே ரயில்வே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உருண்டு உருண்டு நடந்தாள். நான் துரையின் தொப்பியை மாட்டிக்கொண்டு, துரை வேலைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி நாகையாவை "பாய்" என்று கூப்பிட்டேன். "யெஸ் தொரே" என்று வந்து நின்றவர், "தொப்பிய மட்டும் இருந்த எடத்துலயே வச்சிருங்க லா, பூச்சி மருந்து போட்டது" என்றார். கல்யாணமான ஆறு வருஷத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. என் மாமனார் அங்கே இல்லாததுதான் காரணம்.

மாமனார் லியனார்ட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிளாங்கில் தம்மைத் தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதில்லை. ரோடு போடும் கூலிகளை மேய்க்கும் மண்டோராக, மேஸ்திரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே தமக்குத் தாமே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு எஞ்சினியர் ஆனார். வராந்தாவில் இங்கிலீஷ் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனதும், "பாப்பா, கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன், கொஞ்சம் வாசி" என்பார். செசிலியா வாசிப்பாள். அவளுக்கு ஏழு வயதில் தொலைந்த கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை.

ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். பிஸ்கட் டின்னிலிருந்து உரித்த தாளைக் கொடுத்து, "மேலிடத்து உத்தரவு, மாமா" என்றேன். நெடுநேரம் பார்த்தார். "கண்டிப்பான ஆளுதான். ஆனா சொல்றதுல நியாயம் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. மனசில் போட்டு வைத்தேன்.

போன கிறிஸ்மஸ் விருந்தில், இருபது பேருக்கு முன்னால் நான் எழுந்து நின்று "மெரி கிறிஸ்மஸ்" சொன்னேன்.

"உக்காருங்க மாப்ள" என்றார் மாமனார். "நடுவுல ஒரு டீ இருக்கு. கிறிஸ்ட்டுமஸ். ரயில்வேக்காரங்க காலையிலயே டீய முழுங்கிட்டு வந்துடுறாங்க."

எழுத்து இருக்கிறது என்பதை யாரோ சொல்லக் கேட்டிருப்பார். நான் ஜூனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். எல்லோரும் சிரித்தார்கள், அது பரவாயில்லை. செசிலியாவும் சிரித்தாள்.

ஜூலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்னைத் தனியே அழைத்து, அதிர்ச்சியான சேதி எதுவும் அவர் காதுக்குப் போகக்கூடாது என்றார். காதுக்குத்தானே. நான் அதைக் கடைசிவரை மீறவில்லை.

நம்மவர்களுக்குத் தந்தி என்றால் ஒரே அர்த்தம்தான். தந்திக்காரன் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிடுவார்கள். செத்தது யார் என்பதெல்லாம் பிறகுதான். வெள்ளைக்காரர்களோ பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் தந்தி அடித்துக்கொள்கிறார்கள். நாமும் முன்னேற வேண்டாமா? இருபத்து நான்காம் தேதி அடிவாரத்துத் தபாலாபீசுக்கு இறங்கிப் போய், "மெரி கிறிஸ்மஸ்" என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். டீயை விடவில்லை.

தந்தி கிளார்க் பழனியப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் வாழ்த்தா சார்? பெரியவங்க தந்தியப் பார்த்தா பயந்துடுவாங்களே. கார்டு போடுங்களேன்."

"தாமதமாகும்."

"அப்ப கிளாங் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடறேன். கொண்டு போறவன் 'வாழ்த்து, பயப்படாதீங்க'ன்னு வாயால சொல்லிக் குடுப்பான்."

"வேண்டாம்" என்றேன். "எங்கள் மாமாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். வருத்தப்படுவார்."

பழனியப்பன் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நல்ல மனிதர். மறுநாள் காலையில், விருந்தாளிகள் வந்த பிறகு சேரும்படி அவரிடம் நேரம் குறித்துக் கொடுத்ததும் நான்தான்.

பிறகு நடந்ததைச் சமையல்காரி வள்ளியம்மா சொல்லித்தான் அறிந்தேன். தந்தி வந்ததும் வராந்தாவே அடங்கிப் போயிற்றாம். மாமனார் பிரித்தார், பார்த்தார், தலையாட்டினார். "கவர்மெண்டுலருந்து வாழ்த்து அனுப்பிருக்கானுங்க. வருஷா வருஷம் இதே தொல்லை" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாழ்நாளில் ஓர் இங்கிலீஷ் காகிதத்தைப் பற்றி அவர் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் சமையல்கட்டுக்கு வந்து, "வள்ளியம்மா, பாப்பா மலைக்குப் போறதுக்கு முன்னால இங்க வந்தப்ப என்ன சேலை கட்டியிருந்துச்சு?" என்று கேட்டாராம்.

"பச்சைங்கய்யா."

"பச்சையா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். வாத்தை வெட்டிப் பரிமாறினார். பள்ளிக்கூட வாத்தியார் சின்னையா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். பையிலிருந்த தாளை அவரிடம் நீட்டியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். நீட்டமாட்டார் என்பது எனக்குத் தெரியும். வாத்தியாருக்கு வாத்துக்காலை வைத்தார், இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றார், புட்டிங் வருமுன் சாய்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் தாங்கியிருக்கிறார். இதயம் அவ்வளவு பலவீனமாக இல்லை போலும்.

சாயங்காலம் எங்களுக்கும் ஒரு தந்தி வந்தது. செசிலியா அதை வாசித்தாள். நான் அடித்ததைப் பற்றியும் அப்போது சொன்னேன், மறைக்கவில்லை.

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"ரொம்ப நாளாகத் தெரியும்."

"படிச்சுச் சொல்ற ஒரே ஆள் நான். என்னை ஏன் இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இவ்வளவு நேரமும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம், அவர் சாகத்தான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கோர்ட்டில் வாசித்தால் ஊர் சிரிக்கும். இருபது பேருக்கு முன்னால் ஒரு மனிதரை அப்படி அவமானப்படுத்த எனக்கு மனசு வராது.