ஒன்பது வோல்ட் பற்றறி

ஹலோ… ஹலோ, ஸாலிஹ்? ஓம், ஓம், சிவாதான். கத்தாத, நல்லாக் கேக்குது. எங்க நிக்கிறாய்?… கடைக்குள்ளயா? மீரா சாஹிப் நானா பக்கத்தில நிக்கிறாரா?… ஓ, அஸர் தொழுகைக்குப் போயிட்டாரா! உன்னை நம்பி ரேடியோக் கடையை விட்டிட்டுப் போயிருக்கிறார், பெரிய மனுசன்… சரி, சரி, சிரிக்காத. அவர் திரும்பி வாறதுக்குள்ள சிவப்போ கறுப்போ, எந்தக் கிட்டார் எண்டு முடிவெடுக்க வேணும்.

…எத்தினை தரம் சொல்லுறது மச்சான்? நான் வந்து பாக்கிற நிலைமையிலயா இருக்கிறன்? அடையாள அட்டையில யாழ்ப்பாண அட்ரஸ். பொலிஸ் பதிவு இன்னும் கைக்கு வரேல்ல. வெள்ளவத்தையிலயிருந்து கொட்டாஞ்சேனைக்கு வரமுதல் நாலு இடத்தில ஆமி இறக்கிப் பாப்பாங்கள்… ஓம், தெரியும், நீ ட்ரம் அடிக்கிறவன், உனக்குக் கிட்டாரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதுக்குத்தானே இந்த ஃபோன். சனிக்கிழமை ஷோ. என்ர பழசு கழுத்து முறிஞ்சு கிடக்குது. மெட்டல் மியூசிக் பாண்ட் எண்டு போஸ்டர் ஒட்டிப்போட்டு, மேடையில நான் நிண்டு தாளமா போடுறது?

முதல் சிவப்பை எடு. கழுத்தைக் கண்ணுக்கு நேர பிடிச்சு நீட்டுக்குப் பார், வளைஞ்சிருக்கோ எண்டு… எது மாதிரி?… டேய்! ஆமிக்காரன் தோளில கொழுவுறதின்ர பேரை ஃபோனில சொல்லாத! விசரா உனக்கு?… தடி மாதிரி எண்டு சொல்லு. ஓம், தடி. நேராத்தானே இருக்கு?… நல்லது.

இப்ப அம்ப்பில கொழுவு. ஆகத் தடிச்ச கம்பி மட்டும். வலக்கை ஓரத்தைக் கம்பியள் முடியிற இடத்தில லேசா வைச்சுக்கொண்டு அடி. ஜக்… ஜக்ஜக்… ஜக். நீ காலால மிதிக்கிற அதே கணக்குத்தான்… ஓம்… ம்… ம்… இரையுது மச்சான். பிழை எண்டில்ல, சமாளிக்கலாம். ஆனா மெட்டலுக்கு அடிச்ச உடன வெட்டின மாதிரி நிக்க வேணும். இது மழைக்கு முதல் கோயில் ஸ்பீக்கர் இரையிற மாதிரி இரைஞ்சுகொண்டு நிக்குது… அம்மா, உங்களுக்கில்ல, நான் கிட்டாரைச் சொல்லுறன்!

கறுப்பைக் கொழுவு… அடி… என்ன, ஒரு சத்தமும் இல்லையா?… பொறு, பொறு. பழுதில்ல. சந்தோசப்படு! அதுக்குள்ள பற்றறி இருக்கு. பற்றறியில வேலை செய்து கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்தான் நான் தேடினது. பின்னால சின்ன மூடி, நாலு ஸ்க்ரூ. கழட்டு… இருக்கா? சதுரமா, ஒன்பது வோல்ட்? செத்துப்போச்சு அது. நானாட மேசையில புதுசு கிடக்கும், ரேடியோக்காரன்தானே. எடுத்து மாத்து… ஓம், ரெண்டு வயர், பயப்பிடாத, கடிக்காது…

ஏன் நிப்பாட்டினாய்?… ஹலோ?… ஆர்?… ஆமியா? எத்தினை பேர்?… கடை கடையா செக் பண்ணினமா?

மச்சான், கேள். கையை எடு. பற்றறியைக் கீழ வை. மூடியை மூடப்போகாத, ஒளிக்கிறாய் எண்டு நினைப்பாங்கள். ஃபோனைக் கட் பண்ணாத… ஓம்… ஓம்… கிட்டார் எண்டு சிங்களத்தில சொல்லன்!… சொன்னியா?… வயரும் பற்றறியும் ஏன் எண்டு கேக்கினமா?… ஆர் திறக்கச் சொன்னது எண்டா?

…

குடு. அவரிட்டக் குடு ஃபோனை.

ஹலோ… ஓவ் மாத்தயா… ஓவ், ஏக கிட்டார் எக்கக்… மகே தமாய் மாத்தயா, மகே… அரின்ன கிவ்வேத் மம தமாய்… அம்மா, கையை விடுங்கோ! என்ர எண்டு சொல்லாமல் வேற என்ன சொல்ல? திறக்கச் சொன்னது நான்தானே, அவனை ஏத்திக்கொண்டு போகவோ?… ஓவ் மாத்தயா, இன்னவா. நம?… சவுந்தரநாயகம் சிவானந்தன்… ஓவ். தெமள… யாப்பனய… வெள்ளவத்தே… தமிழோ, எந்த ஊர் எண்டு கேக்கிறார் அம்மா…

…ஸாலிஹ்? என்ன சொல்லுறார்?… கிட்டார் எண்டால் வாசிச்சுக் காட்டட்டாமா? உன்னையா?… அழாத மச்சான். உனக்குத் தெரியும். இப்பதானே அடிச்சனி. பற்றறியைப் போடட்டோ எண்டு அவரிட்டக் கேட்டுப்போட்டுப் போடு. மெல்லமா, அவர் பாக்க. அவங்கள் பின்னுக்குப் போனால் போகட்டும்… போட்டிட்டியா? தடிச்ச கம்பி. கை ஓரம். காலால எண்ணு… ஜக்… ஜக்ஜக்…

…

…

ஓ!

…அடி, அடி, நிப்பாட்டாத!… அம்மா, கேக்குதா? ஆ? உதுதான். உந்தச் சத்தம்தான்…

ஹலோ… போயிட்டாங்களா?… காதைப் பொத்திக்கொண்டோ! இதுக்கா ஒரு கிட்டார் எண்டு கேட்டவனோ?… அல்லாஹ்வுக்கும் நல்லூர்க் கந்தனுக்கும் சேத்து நன்றி சொல்லு. கதிரையில இரு. தண்ணி குடி… ஓம், எனக்கும் அம்மா கொண்டு வாறா.

…ஆரின்ர பேரை எழுதினவங்கள்?… உன்ர பேரில்லையா?… என்ர மட்டும். ம்… நானே சொன்னதுதானே.

இல்ல மச்சான். சிவப்பை எடு… கேட்டனான், கேட்டனான். அப்பிடி ஒரு சத்தம் நான் என்ர கையால அடிக்க எவ்வளவு ஆசைப்பட்டனான் எண்டு உனக்குத் தெரியாது. ஆனா சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு றோட்டில நடக்கிறது நான். வயிற்றுக்குள்ள பற்றறியும் வயரும் வைச்ச பெட்டியோட. உன்னை ‘வாசி’ எண்டு விட்டாங்கள். என்னை வாசிக்க விடுவாங்களோ?

சரி விடு. இரையட்டும், சிவப்பு இரையட்டும். நீ பலமா அடி, ஒருத்தருக்கும் கேக்காது… நானா வந்திட்டாரா? சலாம் சொன்னன் எண்டு சொல்லு. கறுப்பின்ர மூடியைப் பூட்டிக் குடு, நாலு ஸ்க்ரூவும்.

…என்ன, பில்லா?… ஆரின்ர பேருக்கு எண்டு கேக்கிறாரா?

உன்ர பேரைப் போடச் சொல்லு… ஓம், கிட்டார் என்ரதான் மச்சான். பேர் உன்ரதா இருக்கட்டும்… வைக்கிறன்.