சத்து மாத்திரை

— அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடாத சுபா. எய்ந்திரு, வூட்டுக்குப் போவலாம்.

— இன்னாம்மா வெளாட்றியா? வலிக்குதுன்னு பல்லப் புடுங்குனோம். அந்த எடத்துல வந்த கட்டி மூணே வாரத்துல எலுமிச்சம்பழம் சைஸ் ஆயிடுச்சு. கேன்சர்னு ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. இதோட வூட்டுக்கா?

— மருந்து ஏத்தட்டும், வேணான்னு சொல்லல. அந்த ரத்த டெஸ்ட்டு மட்டும் வேணாம்.

— டெஸ்ட் பாத்துட்டுத்தான் டாக்டர் ஏத்துவாராம். இந்த மாதிரி வேகமா வளர்ற கட்டி, ஹெச்ஐவி இருக்கறவங்களுக்குத்தான் அதிகமா வருதாம். இருந்தா அதுக்கும் சேத்து வைத்தியம் பண்ணணுமாம். பாக்கட்டுமே, எனக்கு ஏது அதெல்லாம்? ஏம்மா காயிதத்தப் புடுங்குற?

— நீ... மாத்திரையெல்லாம் ஒயுங்கா சாப்ட்டுக்கினுதான கீற?

— எந்த மாத்திரை?

— ஹாஸ்டலுக்கு மாசாமாசம் எடுத்தாந்து குடுக்கறேனே, அது.

— லேபிள் கிழிச்ச டப்பாவா? அந்தச் சத்து மாத்திரைய நிறுத்தி ரெண்டு வருசம் ஆவுதும்மா. ஒரகடத்துல வேலைக்குச் சேந்த புதுசுலயே. கேன்டீன்ல தெனம் முட்டை போட்றாங்க, வாரத்துல ரெண்டு நாள் சிக்கன். ஆறு கிலோ ஏறிட்டேன். இன்னும் எதுக்குச் சத்து மாத்திரைன்னு டப்பாவெல்லாம் அப்டியே பெட்டியில போட்டுட்டேன்.

— அடிப்பாவி! ஒரு வார்த்த என்னாண்ட சொல்லக் கூடாதா?

— சத்து மாத்திரைக்கு இன்னாம்மா சொல்றது?

— அது சத்து மாத்திரை இல்லடி.

— பின்ன?

— டாக்டரு கேக்கறாரே, அதுக்குத்தான். என் வயித்துல இருக்கச் சொல்லவே உனக்கு வந்துடுச்சு. எனக்கு உங்கப்பன் குடுத்தது.

— அப்பா மஞ்சக்காமாலையில செத்தாருன்னு சொன்ன?

— ஊருக்கும் அதான் சொன்னேன், உனக்கும் அதான் சொன்னேன். மணிமங்கலத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் நம்ம வூட்டுப் பக்கம் எவன் வருவான்? பொண்ணாண்ட சொல்லிடு, சொல்லிடுன்னு மாத்திரை குடுக்கற எடத்துல நர்ஸம்மா தலையில அடிச்சுக்கினாங்க. எனக்குத்தான் வாய் வர்ல. பயம்மா கீதுடி. உள்ள வா, நானே டாக்டராண்ட சொல்றேன்.

— இரு. அப்ப உனக்கும் இருக்கு.

— ம்.

— எனக்கு முன்னாடியே. அப்றம் ஏன் உனக்கு ஒண்ணுமே ஆவல?

— நான் ஒரு நாளு கூட மாத்திரைய வுட்டதில்ல சுபா.

— எப்டிம்மா வுடுவ? உனக்குத்தான் அது இன்னா மாத்திரைன்னு தெரியுமே.