எண் போடாத கட்டங்கள்

புத்தகத்தின் பின்னட்டையில் போடுவதற்கு என்னைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தீர்கள், கலையரசி மேடம். நாலு வரியில் முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பதிப்பாசிரியர் நீங்கள், வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம்.

என் பெயர் பெ. கருப்பம்மாள். வயது இருபத்து நான்கு. தாவரவியல் படித்தேன். ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கிட்டங்கியில் காய்களைத் தரம் பார்க்கிறேன். சல்லடையில் போட்டு அளவு பார்க்க வேண்டும். நிறம் பார்க்க வேண்டும். வெடித்த காயை ஒதுக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பொருத்தமான வேலை.

வரைய எங்கே கற்றுக்கொண்டேன் என்றும் கேட்டிருந்தீர்கள். பஸ்சில் கற்றுக்கொண்டேன். தேனியில் கல்லூரி. மூன்று வருடம் போக வர அனுப்பிரியா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவளிடம் நல்ல போன் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஓவியர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அவள் பொழுதுபோக்கு. தினமும் ஒருவரைக் காட்டுவாள். மழை பெய்த தெருக்களை மட்டும் வரையும் கொரியப் பெண். பூனையின் முதுகை ஒரே கோட்டில் முடித்துவிடும் ஜப்பான்காரர். ஒரு நாள், மையை வைத்து மலை வரையும் சீனக் கிழவர் ஒருவரைக் காட்டினாள்.

"ஏய் இதப் பாரு. இந்த மனுசன் ஒண்ணுமே வரையல. ஆனா மலை தெரியுதுடி."

பழனிசெட்டிபட்டி வரும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கொஞ்சம் மை, கீழே கொஞ்சம் மை. நடுவில் வெறும் காகிதம். அந்த வெறும் காகிதம்தான் பனி. பஸ் ஜன்னலில் எங்கள் மலையும் அப்படியே இருந்தது. இதை வரைய மை அதிகம் தேவையில்லை, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் போதும் என்று அன்று எனக்குப் புரிந்தது. அனுவுக்குப் புரியவில்லை. அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். கண்டுபிடிப்பவள் அவள், பார்ப்பவள் நான் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வருடம் அவள் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து பதினோரு ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களை வாங்கி வந்தாள். எங்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. படங்களை மட்டும் பார்த்துக் கதையைப் பிடிக்க வேண்டும். முதல் புத்தகத்தில் செத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான், அவன் காயம் மூடிக்கொண்டது, குத்தியவன் பின்வாங்கிப் போனான். அனு நெற்றியில் அடித்துக்கொண்டு, "நாம தலைகீழாப் படிக்கிறோம்டி" என்றாள். அந்தப் புத்தகங்களை வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். வலது கட்டம் முதலில், இடது கட்டம் பிறகு.

அதற்குப் பிறகு நாங்கள் வரைந்ததெல்லாம் வலமிருந்து இடமாகத்தான். இந்தப் புத்தகமும் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் இருவருக்குள் இடப்பக்கத்திலிருந்து தொடங்கிய பக்கம் ஒன்றுகூட இருந்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் அனு என்னைப் பார்க்கக் கிட்டங்கிக்கு வந்தாள். சுவரில் பூச்சிமருந்துக் கம்பெனியின் போஸ்டர் ஒட்டியிருந்தது. நாலு படம். ஒருவர் முகமூடி மாட்டுகிறார், மருந்தடிக்கிறார், குளிக்கிறார், சாப்பிடுகிறார்.

"கருப்பம்மா, இந்த அண்ணே மொதல்ல சாப்பிடுறாரு, அப்புறம் குளிக்கிறாரு, அப்புறம் மருந்தடிக்கிறாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு முகமூடி மாட்டுறாரு?"

எங்கள் மேஸ்திரி விஜயபாண்டி அண்ணன் சிரித்துவிட்டார். "ஏத்தா, நீ என்ன கண்ணாடியில பாத்தா படிக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கவனித்துக்கொண்டேன். நான் படித்த படிப்பு அதைத்தான் சொல்லிக்கொடுத்தது.

இந்தப் புத்தகத்தில் இருக்கும் ஜீப்புக் கதையை நான் கல்லூரி முடித்த வருடம் வரைந்தேன். விடியற்காலையில் போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், ஒரு ஜீப்பில் பதினாறு பேர். போடிமெட்டு ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தி பனியில் காணாமல் போகிறாள். டிரைவருக்குத் தெரியாது. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் மட்டும் எண்ணிக்கொண்டே வருகிறாள். அவளுக்கு நான் முகம் வரையவில்லை. நாற்பது பக்கம். முடிவு மட்டும் வரவில்லை. அந்த நோட்டை அனு ஒருத்திதான் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் கண் கலங்கியது. "இத நீ மனசுல வச்சுக்கிட்டா இத்தன நாள் பேசாம இருந்த" என்றாள்.

போன தை மாதம் போடி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஏத்துக்கிட்டாங்கடி. நம்ம ஜீப்ப மெட்ராஸ்ல ஏத்துக்கிட்டாங்க."

போனில் அட்டைப்படத்தைக் காட்டினாள். அவள் வரைந்த ஜீப்பு. அவள் வரைந்த பனி, அதாவது என் பனி. துண்டு கட்டிய பெண்ணுக்குக் கண்ணும் மூக்கும் வைத்திருந்தாள். கீழே அனுப்பிரியா என்று இருந்தது. வேறு பெயர் இல்லை.

"சந்தோசம்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் கை நடுங்கும், கோடு கெட்டுவிடும்.

பிறகு நீங்கள் முடிவு பலவீனமாக இருக்கிறது என்று அவளுக்கு எழுதினீர்கள். மேலே ஏறி நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பனியில் மூடியிருப்பதாக ஒரு பெரிய படம் வேண்டும் என்றீர்கள். அவள் அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா பெரியகருப்பன் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்தப் பாதைகள் எல்லாம் எனக்குக் காலில் இருக்கின்றன.

"நீயும் வாடி, சேந்து போவோம்."

"எனக்குச் சோலி கெடக்கு அனு. வழிய வரைஞ்சு தாறேன். மேல டவர் கெடையாது, தாளக் கையிலயே வச்சுக்க."

ஜீப்பு நிற்கும் இடத்திலிருந்து பாறைக்கு அரை மணி நேர நடை. வழியில் பாதை இரண்டு இடங்களில் பிரியும். முதல் பிரிவில் இடப்பக்கம் போக வேண்டும். ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். இரண்டாவது பிரிவில் வலப்பக்கம் போக வேண்டும். பாறை வந்துவிடும்.

முதல் பிரிவில் மாற்றி வலப்பக்கம் போனாலும் ஓடை வரும். அதே ஓடைதான் கீழே வளைந்து அந்தப் பாதையையும் வெட்டுகிறது. அதைத் தாண்டினால் அங்கேயும் ஒரு பிரிவு. அதில் இடப்பக்கம் போனால் இரண்டு மழைக்காலத்துக்கு முன் மண் சரிந்த இடம். பாதை பாதியில் நின்றுவிடும். ஏலச்செடிகள் விளிம்பைத் தாண்டிச் சாய்ந்திருப்பதால் நல்ல வெயிலிலேயே விளிம்பு தெரியாது. ஒரு மாடு அங்கே விழுந்து செத்ததாக அப்பா சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு தாளில் மேலே மூன்று கட்டம் போட்டேன். இடது கட்டத்தில் பாதை பிரிகிறது, ஒரு பெண் இடப்பக்கம் போகிறாள். நடுக் கட்டத்தில் ஓடையைத் தாண்டுகிறாள். வலது கட்டத்தில் பாதை பிரிகிறது, வலப்பக்கம் போகிறாள். கீழே ஒரே அகலமான கட்டத்தில் பாறையும் பள்ளத்தாக்கும். நடக்கும் பெண்ணை முதுகுப்புறமாகவே வரைந்தேன். ஓடையில் மட்டும் நம்மை நோக்கித் தாண்டுகிறாள்.

தமிழ் வாசிப்பதுபோல் இடமிருந்து வாசித்தால் வழி சரியாக இருக்கும். அனு வாசிப்பதுபோல் வாசித்தால் சரியாக இருக்காது.

நான் அறிவியல் படித்தவள். மூன்று வருடம் ஆய்வு நோட்டில் ஒரு படத்தைக்கூட எண் போடாமல் வரைந்ததில்லை. அன்று எண் போடவில்லை. அம்புக்குறியும் போடவில்லை. அந்தத் தாளை வரைய நாற்பது நிமிடம் ஆனது. நான் வரைந்தவற்றில் அது நல்ல பக்கம்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் போனாள். பனி இறங்கும் வாரம் எது என்று என்னைக் கேட்டுத்தான் நாள் குறித்தாள். ஜீப்பு ஓட்டும் வெள்ளைத்துரை பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். "பனிமஞ்சு எறங்கிக் கெடக்கு ஆத்தா, வெரசா வந்துரு, லோடு ஏத்திட்டா நிக்க மாட்டேன்னு சொன்னேன். அதுக்கு அந்தப் புள்ள, மஞ்சப் பாக்கத்தான அண்ணே வந்திருக்கேன்னு சிரிச்சுச்சு."

அந்த நேரத்தில் நான் காய் சலித்துக்கொண்டிருந்தேன். அன்று என் தட்டில் தவறே இல்லை என்று விஜயபாண்டி அண்ணன் சொன்னார். பத்தரை மணிக்குப் போன் வந்தது.

மாட்டைவிட அவள் எடை குறைவு. சரிவில் புதர்கள் வளர்ந்திருந்தன. இந்த இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கித் தூக்கினார்கள். உயிர் இருந்தது. வலது கை மட்டும் ஒரு பாறைக்கு அடியில் மாட்டியிருந்தது. மதுரையில் மூன்று அறுவைச் சிகிச்சை நடந்தது. கை இருக்கிறது. விரல்களுக்கு இனி எதுவும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டிய தேவை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

விசாரிக்க ஓர் ஏட்டு வந்தார். அவள் சட்டைப் பையில் இருந்த தாளை விரித்தார். இடது கட்டத்தில் விரலை வைத்து வலப்பக்கமாக நகர்த்தினார். "சரியாத்தானே போட்டிருக்கு. பாப்பாதான் பனியில தடுமாறிப் போயிருச்சு" என்றார். வரைந்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். நன்றாக வரைந்திருக்கிறேன் என்று பாராட்டினார்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். ஒரு நாள் மத்தியானம் அவளே சொன்னாள்.

"நீ கரெக்டாத்தான் போட்டிருந்த. நாந்தான் கிறுக்கி மாதிரி வலது பக்கமிருந்து படிச்சிட்டேன். யாருகிட்டயும் சொல்லிராதடி, சிரிப்பாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். தயிர்சாதம் இன்னும் இரண்டு வாய் மிச்சம் இருந்தது, அதையும் ஊட்டினேன்.

மிச்சப் பக்கங்களை நான் வரைய வேண்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டவள் அவள்தான். வரைந்தேன். அவள் முடித்திருந்த பக்கங்களையும் திருத்தினேன். துண்டு கட்டிய பெண்ணின் கண்களை எடுத்துவிட்டேன், மூக்கையும் எடுத்தேன். கடைசிப் பக்கத்துக்காக நானே பாறைக்குப் போய் வந்தேன். போக அரை மணி நேரம்தான் ஆனது.

நேற்று உங்கள் மின்னஞ்சல் வந்தது. அட்டையில் இருவர் பெயரும் வரும், அனுவின் பெயர் முதலில் இருக்கும், விபத்தில் கை செயலிழந்த தோழியின் கனவை நான் நிறைவேற்றியதாகப் பின்னட்டையில் ஒரு குறிப்பு வரும் என்று எழுதியிருந்தீர்கள்.

அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. கனவு அவளுடையது அல்ல. நடந்தது விபத்தும் அல்ல. அச்சாகும் புத்தகத்தில் தவறு இருக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன். அவள் எங்கே போய் நிற்பாள் என்று தெரிந்துதான் அந்த மூன்று கட்டங்களையும் வரைந்தேன். இந்தக் கடிதத்தைப் போலீசாரிடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அட்டை அச்சுக்குப் போன பிறகு கொடுத்தால் நல்லது. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். அது யாருடையது என்று இப்போது உங்களுக்குச் சந்தேகம் இருக்காது.

அனு உங்களிடம் வேறு விதமாகச் சொல்லக்கூடும். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அனுப்புவதற்கு முன் அவள் என்னைக் கேட்டாள். ரெண்டு பேர் பேரையும் போடுவோம் என்றாள். பஸ்சில் ஒரு முறை கேட்டாள், கிட்டங்கி வாசலில் ஒரு முறை, எங்கள் வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு ஒரு முறை. நான் வேண்டாம் என்றேன். கருப்பம்மாள் என்ற பெயரை அட்டையில் பார்த்து யார் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள், நீயே வரைந்துகொள் என்றேன். நோட்டை அவள் பையில் வைத்ததும் நான்தான். மூன்று முறை கேட்டாள், மேடம். உண்மையான தோழியாக இருந்தால் நாலாவது முறையும் கேட்டிருப்பாள்.