பத்தாம் இடத்தை விசாரித்தவர்

கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் செல்லசாமி ஐயா அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் நாகலெட்சுமி அக்கா அவர்களே, ஆறு தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் மழையில் நனைந்து வந்திருக்கும் வீரர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இந்த ஆறு அணிகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். இன்று எல்லோரும் வந்திருக்கிறோம். அவர்தான் இல்லை.

எங்கள் தோட்ட உதைபந்தாட்ட லீக்கின் தலைவர், ஹட்டன் நகரத்துத் தையற்காரர், அமரர் கந்தப்பன் அண்ணன் மறைந்து ஒரு மாதமாகிறது. அந்த லீக்கின் செயலாளராக உங்கள் முன் நிற்கிறேன். துக்கத்தோடு மட்டும் நிற்கவில்லை. பயத்தோடும் நிற்கிறேன். ஏன் பயம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களில் யார் அவர் தைத்த ஜேர்சியைப் போடாதவர்கள்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடக்கும் ஒருநாள் சுற்றுப்போட்டிகளுக்கு அவர்தான் தைத்துக் கொடுப்பார். பார்சிலோனா நிறம் வேண்டும், மட்ரிட் நிறம் வேண்டும் என்று கேட்டு வருவீர்கள். விடியுமுன் லொறி ஏறிப் போவீர்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றால், வெயில் ஏறுமுன் அதே லொறியில் திரும்பிவிடுவீர்கள். தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு?

அவருக்கு அது பொறுக்கவில்லை. நான் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை. மகளுடைய சீருடையைத் தைக்கக் கொடுக்கப் போன என்னிடம் ஒருநாள் கேட்டார். “டீச்சர், இந்த பார்சிலோனா, மட்ரிட்டு எல்லாம் மொதமொதல்ல எப்புடி வெளையாடுனாங்க? அவுங்களும் தோத்தா வீட்டுக்குத்தான் போனாங்களா?”

தேடிப் பார்த்துச் சொன்னேன். அதுவரை அவர்களுடைய ஸ்பெயின் நாட்டிலும் தோற்றால் வெளியேற்றும் கிண்ணப் போட்டிதான் பெரிது. 1929இல்தான் பத்துக் கழகங்கள் சேர்ந்து முதல் தேசிய லீக்கை ஆடின. யாரைச் சேர்ப்பது என்று அதற்கு முன்பு பெரிய சண்டை. பிறகு ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு முறை, சொந்த மைதானத்தில் ஒன்று, அடுத்தவர் மைதானத்தில் ஒன்று. தொடக்கத்தில் தடுமாறிய பார்சிலோனா, முடிவில் மட்ரிட்டை முந்தி முதலிடம் பெற்றது.

முதலிடம் யாருக்கு என்று கேட்டு எல்லோரும் திருப்திப்படுவார்கள். கந்தப்பன் அண்ணன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “கடைசியா வந்தது யாரு டீச்சர்?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மறுபடி தேடினேன். சன்டான்டர் என்ற ஊரின் ரேசிங் அணி, பத்தாமிடம். ஆனாலும் அவர்கள் போய்விடவில்லை. இரண்டாம் பிரிவில் வென்ற அணியோடு மோதி, தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அடுத்த பருவத்திலும் அதே பத்து அணிகள்தான் ஆடின. இதைச் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ சொந்தக்காரர் சுகமாகி வீட்டுக்கு வந்ததைக் கேட்டதுபோல இருந்தது. “அப்ப நாமளும் ஆறு தோட்டம் சேருவோம்” என்றார். அந்தக் கடையில் பிறந்ததுதான் நமது லீக்.

முதல் வாரம் டயகம அணி வலப்பனையிடம் தோற்றது. அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. மைதானத்தில் எதிரணி காத்திருக்கிறது, நடுவர் காத்திருக்கிறார், போனை யாரும் எடுக்கவில்லை. அண்ணன் பஸ் ஏறிப் போனார். ஜேர்சிகளைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்களாம். அணித் தலைவர் தம்பி நிரோஷன் சொன்னாராம், “தோத்துட்டோம்ல அண்ணே, இனி எங்களுக்கு அங்க என்ன வேல?”

அண்ணன் சிரித்துவிட்டார். “ஏன்டா, கல்யாண வீடா இது, ஒருவாட்டி சாப்புட்டு மொய் வச்சிட்டு வர்றதுக்கு? இன்னும் ஒம்பது மெட்ச் கெடக்கு, கெளம்புங்க” என்றாராம்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா? தோற்றவனுக்கு அடுத்த ஞாயிறு உண்டு என்று நம்மிடம் யார் எப்போது சொன்னார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த தோட்டத்து மைதானத்துக்குப் போக நம் பிள்ளைகள் பயந்தார்கள். பழைய அடிதடிகள் அப்படி. அதற்காக அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். வருகிற அணியை வரவேற்க, ஆட்டம் நடக்கும் தோட்டத்தார் பஸ் தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். பிளேன்டீ கொடுத்து மைதானம் வரை கூட நடக்க வேண்டும். அவரும் ஒவ்வொரு ஞாயிறும் போய் நின்றார். மழையில் குடையோடு நின்றார். நெஞ்சு வலி இருந்ததைத் தன் மனைவி நாகலெட்சுமி அக்காவிடம்கூட மறைத்துவிட்டு நின்றார்.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாக எந்த மைதானத்திலும் பந்து உருளவில்லை. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம். கடைசி இடத்திலுள்ள டயகம, முதலிடத்திலுள்ள பூண்டுலோயாவுக்குப் போய் ஆட வேண்டும். டயகம விலகப் போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் அண்ணன் கடைசியாக அந்த மலைக்குப் போனார். அன்று மாலை எனக்குப் போன் எடுத்து, “பேசிட்டேன் டீச்சர்” என்றார். என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்குமுன் பஸ் வந்துவிட்டது. மறுநாள் அவர் இல்லை.

ஓர் அணி விலகினால் அது ஆடிய எல்லா ஆட்டங்களும் அழியும் என்பது விதி. முதலிடம் மாறும். சண்டை வரும். பிறகு எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்தை நம்பும்? முதல் பருவமே முடியாத லீக்குக்கு இரண்டாம் பருவம் ஏது?

தம்பி நிரோஷன், நீங்களும் உங்கள் அணியும் கதவருகே உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும், தெரியும். அண்ணனிடம் என்ன சொன்னீர்கள் என்று இந்தச் சபையில் நான் கேட்கப் போவதில்லை. இறந்தவரைச் சாட்சி வைத்து உங்களிடம் வாக்கு வாங்குவது முறையல்ல. நான் மட்டும் ஒரு வாக்குத் தருகிறேன்.

அடுத்த பருவத்திலும் இதே ஆறு அணிகள்தான். கடைசியில் வந்தவர் வெளியேற மாட்டார். இந்தப் பொறுப்பைச் செயலாளராக நான் சுமப்பேன். கந்தப்பன் அண்ணன் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. ஒருவரும் வராத பஸ்ஸைப் பார்த்து நிற்பதை நினைத்தாலே இரவில் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் வருகிற ஞாயிறு காலை, பூண்டுலோயா பஸ் தரிப்பிடத்தில், பூண்டுலோயா பிள்ளைகளோடு நான் நிற்பேன். பிளேன்டீ சூடாக இருக்கும். முதல் பஸ்ஸில் நீங்கள் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸைப் பார்ப்போம். அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்ததைப் பார்ப்போம்.

நீங்கள் இறங்கும்வரை நாங்கள் மைதானத்துக்குப் போகமாட்டோம்.