அகோயா அத்தையின் இரண்டாவது வாக்கியம்

நடுத்தூணுக்கு முன்னால் பாயில் அமர்ந்து, நம் ஊர் கூடும் இந்த மனேயாபாவின் மானத்தையே மடியில் வைத்திருக்கும் தலைவர் பாரானிக்கோ அவர்களே! வடக்கு வரிசையில் வீற்றிருக்கும், அலையைப் பார்த்தே தீவைச் சொல்லும் பெரியவர்களே! கிழக்கே மணமகன் வீட்டாராக வந்து, பாபாய்க் கிழங்கின் மணத்தால் எங்கள் பேச்சையெல்லாம் முன்கூட்டியே தோற்கடித்துவிட்ட கவுட்டு மாமா அவர்களே! பாய் முடைந்து, பிள்ளை வளர்த்து, பேச்சில் எங்களை வளைத்து வைத்திருக்கும் தாய்மார்களே! தூணில் சாய்ந்துகொண்டு ‘இவன் எதுக்குடா எந்திரிச்சான்?’ என்று பார்க்கும் என் வயதுக்காரர்களே! எல்லாருக்கும் மவுரி!

என்ன, பதில் மவுரி பாதிதான் வருது? இன்னும் சாப்பாடு போடலை. அதுக்குள்ள தூங்காதீங்க. மவுரி!

ஆங், இது மவுரி.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தலைநகர் தாராவாவிலிருந்து படகேறி வந்தவன் நான். கள் இறக்குகிறேன், மீன் பிடிக்கிறேன், மாலையில் பாட்டுப்பெட்டியை அலறவிட்டு உங்கள் சாபத்தை வாங்கிக்கொள்கிறேன். இப்படிப்பட்டவனுக்கு இந்த அவையில் எழுந்து நிற்க உரிமை உண்டா? தலைவர் கொடுத்தார், நிற்கிறேன். எதைப் பற்றிப் பேசப் போகிறேன்? நிலத்தைப் பற்றியா? கடலைப் பற்றியா? இல்லை. ஒரு பேட்டரியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிங்க. நல்லா சிரிச்சு முடிங்க. நான் நிக்கிறேன்.

முடிந்ததா? இப்போது சொல்லுங்கள். அகோயா அத்தையின் குரலை உங்களில் யார் மறந்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் கூரை ஓலை அதிர்ந்ததே, அது யார் குரல்? மீன் விற்க வந்தவன் விலையைக் கூட்டிச் சொன்னால் படகோடு திரும்பிப் போனானே, அது யார் குரலுக்குப் பயந்து? அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் இருக்கும், ஆனால் குரல் போகும் என்று மருத்துவர் சொன்னார். அன்றைக்கு அத்தை அழவில்லை. என்னைத் தாராவாவில் தேடிப் பிடித்து, “டேய், உன்கிட்ட ஒரு லேப்டாப் இருந்துச்சே, அது என்ன, மீன் சுத்திக் குடுக்கவா? கொண்டா இங்க” என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, சொல் சொல்லாகத் தன் குரலை அந்த மடிக்கணினிக்குள் இறக்கினார். ‘வா’ என்றார். ‘சாப்பிடு’ என்றார். ‘மழை’ என்றார். மகள் எரிதாவின் பெயரை மட்டும் மூன்று விதமாகச் சொன்னார்: கூப்பிட ஒன்று, கொஞ்ச ஒன்று, கண்டிக்க ஒன்று. திட்டு வார்த்தைகளை விட்டுவிடலாமா என்று கேட்டேன். “அதை விட்டுட்டு நான் எப்படிடா ஊர்ல குடித்தனம் பண்றது?” என்றார். அதையும் பதிந்தோம். நிறையவே பதிந்தோம்.

அறுவை முடிந்தது. தொண்டை மௌனமானது. ஆனால் விரல் விசையைத் தட்டினால், சொற்கள் வரிசையாகச் சேர்ந்து, அத்தையின் குரலிலேயே ஒலித்தன. இந்த மனேயாபாவில் முதல் முறை அந்தக் குரல் கேட்டபோது யாரெல்லாம் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் குரலுக்கு மூச்சு எது? பேட்டரி! அந்த மூச்சு இப்போது எப்படி இருக்கிறது? தேய்கிறது, ஐயா, தேய்கிறது!

கட்டை தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கயிறு தேய்ந்தால் கைக்குத் தெரியும். பேட்டரி தேய்வது யாருக்குத் தெரியும்? அத்தைக்குத் தெரியும். திரையின் மூலையில் இருக்கிற அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார். முன்பு காலையில் நிரப்பினால் பொழுது சாயும்வரை தாங்கியது. பிறகு மதியம்வரை. இப்போது ஒரு பானை சோறு வேகும் நேரம்கூடத் தாங்குவதில்லை.

அத்தை என்ன செய்தார்? சிக்கனம் செய்தார். எதை? பேச்சை! முதலில் கிண்டலை விட்டார். பிறகு நலம் விசாரிப்பதை விட்டார். பிறகு திட்டுவதையும் விட்டார். போன வாரம் கிணற்றடியில் எரிதா என்னிடம் சொன்னாள்: “அம்மா இப்பல்லாம் என்னைத் திட்டறதே இல்ல, யோதேபா. பயமா இருக்கு.”

மகளைத் திட்டக்கூட மிச்சம் பார்க்க வேண்டிய ஒரு தாய் இந்தத் தீவில் இருக்கலாமா? சொல்லுங்கள், இருக்கலாமா?

யாரு, பின்னாடி? ‘புதுசு வாங்கேன்’னா? கேட்டாச்சு அண்ணே. கடல் தாண்டி சுவா நகரத்துலேர்ந்து வரணும். தனி பேட்டரியை விமானத்துல ஏத்த மாட்டேங்கிறான். கப்பல்லதான் வரணும். கப்பல் எப்ப வரும்? நீங்களே சொல்லுங்க, நான் உக்காந்துக்கிறேன். அது வந்தாலும் அதுவும் தேயும். தேயாத பேட்டரி உலகத்தில் இல்லை. மெல்லத் தேயுமா, மளமளவெனத் தேயுமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

நம் கை என்ன செய்தது? அன்பு செய்தது. அன்பாலேயே கெடுத்தது! அகோயாவின் குரல் குடியிருக்கும் பெட்டியாயிற்றே என்று தாய்மார்கள் தங்கள் வீட்டின் மிக மெல்லிய பாயை எடுத்து வந்து சுற்றினீர்கள். ஒரு பாய் போதாதென்று இன்னொரு பாய். பெரிய மனிதருக்குச் செய்யும் மரியாதை அது. ஆனால் சார்ஜ் ஏறும் பெட்டியைப் பாயில் சுற்றினால் உள்ளே வேகும். பேட்டரிக்குச் சூடு எமன். சார்ஜ் ஏறும்போது அதை அவிழ்த்து, நிழலில், காற்றில் வையுங்கள். விருந்தாளிக்கு ஊட்டுவதுபோல் நிரம்ப நிரம்பத் திணித்து நாள் முழுக்கச் சொருகி வைத்தீர்கள். வேண்டாம். அதற்கு முக்கால் வயிறு போதும். அடியோடு வற்றவும் விடாதீர்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் தெரிந்திருந்தால் இன்னும் படித்துக்கொண்டிருப்பேன்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தைய கூட்டம் நினைவிருக்கிறதா? இதே இடம். கவுட்டு மாமா எழுந்து, தம் அக்காள் மகனுக்கு எரிதாவைக் கேட்டார். முறையாகக் கேட்டார், அழகாகக் கேட்டார். தகப்பன் இல்லாத வீடு. தாய்தான் பதில் சொல்ல வேண்டும். அத்தை விசையைத் தட்டினார். குரல் வந்தது: “என் மகள் அந்த வீட்டுக்கு வருவாள்.” அடுத்த வாக்கியத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோதே திரை இருண்டது.

நாம் என்ன செய்தோம்? கை தட்டினோம்! அத்தை எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். ‘இல்லை, இன்னும் இருக்கு, நில்லுங்க’ என்று ஆட்டினார். நாம் என்ன நினைத்தோம்? மகிழ்ச்சியில் ஆடுகிறார் என்று நினைத்தோம்! நாமும் எழுந்து ஆடினோம். தாளத்துக்கு மரப்பெட்டியைத் தட்டினோம், பாட்டை எடுத்தோம். சத்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு தாயைச் சுற்றி, இந்த ஊரே ஆடியது.

மறுநாள் அத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? “மனேயாபால குரலா வந்த சொல்லு, மனேயாபால குரலாத்தான் திரும்பணும்.” சரியான முறை. நான் அதைக் குறை சொல்லவில்லை. இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? கல்யாணத்துக்கு நாள் குறிக்க. எரிதாவுக்குத் தாராவாவில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நாள் குறித்துவிட்டால் அந்த இடம் போகும். அந்த இரண்டாவது வாக்கியம் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். அது அத்தையின் சொத்து.

அன்றைக்கு ஏன் திரை இருண்டது? பேட்டரி கிழடு என்பது பாதிதான். மீதி என்ன? காலையில் ஒருவர் வந்தார், “அகோயா, புபுசி, என் போனைக் கொஞ்சம் உன் பெட்டில சொருகிக்கட்டுமா?” அடுத்து ஒருவர், “எனக்கும் ஒரு புபுசி, பையன் மார்ஷல் தீவுலேர்ந்து கூப்பிடுவான்.” அடுத்து ஒருவர். புபுசி என்று ஒருவர் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் நம் முப்பாட்டன் காலத்திலும் இல்லை. ‘முடியாது’ என்ற சொல்லும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அத்தையின் குரலிலேயே இருக்கிறது. ஆனால் அதைத் தட்ட அவர் விரல் போகவில்லை. உங்களில் யார் விரல் போகும்? உங்கள் போன்கள் குடித்தது மின்சாரத்தையா? ஒரு தாயின் வாக்கியத்தை!

யார் யார்னு சொல்ல மாட்டேன். மேற்கு வரிசை ஏன் திடீர்னு பாயை எண்ணுது?

உங்களைப் பழிக்க நான் எழுந்திருக்கவில்லை. ‘கேட்காதே’ என்று உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் கேட்கும் உரிமை கடைசிப் பொடியனுக்கும் உண்டு அல்லவா? கேட்கிறேன். ஒரு வீட்டிடம் அல்ல, ஒரு வரிசையிடம் அல்ல, இந்த மனேயாபா முழுவதிடமும் கேட்கிறேன். புபுசி! அகோயா அத்தையின் பெட்டியிடம் இனி யாரும் புபுசி கேட்காதீர்கள்! புபுசி! அவர் வாய் திறந்தால், முடியும்வரை யாரும் கை தட்டாதீர்கள்! புபுசி! நாள் குறிக்கும் முன் அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேளுங்கள்!

...

தலைவர் எழுந்து வரிசை வரிசையாகப் பார்க்கிறார். “என்னப்பா, பொடியன் கேட்டுட்டான். குடுக்கிறோமா?” வடக்கு தலையசைக்கிறது. மேற்கு, கொஞ்சம் குனிந்தே, தலையசைக்கிறது. கிழக்கு?

கவுட்டு மாமா எந்திரிக்கிறார். சொல்லுங்க மாமா.

“கேட்டதைக் குடுத்தாச்சுடா. இப்ப நான் கேக்கிறேன். உன் பாட்டுப்பெட்டிக்குன்னு வச்சிருக்கியே ஒரு சோலார் தகடு, அது இந்தக் கூரைக்கு வரட்டும். எங்க போனெல்லாம் அதுல போட்டுக்கிறோம். புபுசி. ஊருக்கும் சாயங்காலம் காது கொஞ்சம் ஓயும்.”

சிரிக்கிறீங்க. இந்தச் சிரிப்பு எனக்கு வலிக்குது மாமா. எடுத்துக்கங்க. நாளைக்கே ஏணி போடறேன். அந்த வாக்கியத்தைக் கேட்கச் சம்மதிச்சீங்களே, மணமகன் வீட்டுப் பெருமை அதுதான்.

எரிதா, பாயை அவிழ்த்து அம்மா மடியில வை. அத்தை, திறங்க. அவசரமில்ல, யாரும் அசைய மாட்டோம்.

தலைவருக்குத் தனியே, பெரியவர்களுக்குத் தனியே, தாய்மார்களுக்குத் தனியே நன்றி சொல்லத்தான் தயாராக வந்தேன். ஆனால் பெட்டி திறந்துவிட்டது. நான் பேசும் ஒவ்வொரு சொல்லும் இப்போது அத்தையின் பங்கிலிருந்து போகிறது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றி. உடல் நலமும் ஊர் அமைதியும் நிறைந்த வலையும் உங்களோடு இருக்கட்டும். வணக்கம்.

பேசுங்க, அத்தை.