வால்வு மட்டும் போதும்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை, செம்பூரில் ஒரு மருத்துவமனையில், என் கணவரின் இதயச் சிகிச்சை குறித்து முடிவெடுப்பதற்காக நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மழை நாளாகையால் மாட்டுங்கா வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பியிருந்தோம். தாமதமாகப் போவது எனக்குப் பிடிக்காது.

அவருடைய வால்வு சுருங்கியிருந்தது; தொடை வழியாகப் புதியது பொருத்த வேண்டும். அதில் ஐயமில்லை. இரத்தக் குழாய் ஒன்றிலும் அடைப்பு தெரிந்தது. அதை என்ன செய்வது என்பதே கேள்வி.

"அங்கிள், படி ஏறினா நெஞ்சு வலிக்குதா?" என்றார் இளம் மருத்துவர். "வலிச்சா முதல்ல ஸ்டென்ட் வெச்சிடலாம். இல்லேன்னா வால்வு மட்டும் போதும், அடைப்புக்கு மாத்திரை."

வலித்தது. எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும், சயானில் நண்பரைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் சுனாபட்டிக்குப் போவார். அங்கே, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அவருடன் வேலை பார்த்த பானுமதி தனியாக வசிக்கிறாள். ஒருமுறை பின்தொடர்ந்து சென்று, படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தேன். இரண்டாம் மாடியில் அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுச்சா?" என்று மேலிருந்து அவள் கேட்டாள்.

"சிக்னல் கெடைக்கலம்மா," என்று அவர் சிரித்தார்.

அவர்கள் சீட்டாடினார்கள்; அவ்வளவுதான். விசாரித்து அறிந்தேன். ஆனால், திருமணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

இப்போது மருத்துவரிடம் அவர் பேச வாயெடுத்தார்: "படி ஏறினா கொஞ்சம்..."

"எந்தப் படி?" என்றேன். "நம்ம பில்டிங்ல லிஃப்ட் இருக்கே. நீங்க எங்க படி ஏறுறீங்க?"

என் குரல் உயரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்தது.

"வலியெல்லாம் இல்ல டாக்டர்."

பொய் சொல்லும்படி நான் அவரிடம் கூறவில்லை. உண்மையைச் சொல்ல அவருக்கு முழு வாய்ப்பும் அளித்தேன்.

வால்வு மாற்றினார்கள். மூச்சிரைப்பு நின்றது. ஆனால், ஒருநாள் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானபோது, ஒரு மாடி ஏறுவதற்குள் மறுபடியும் மார்பைப் பிடித்துக்கொண்டார்.

மறுபரிசோதனையில் மருத்துவர் மீண்டும் கேட்டார். வலி இருந்தால் மறைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம், இப்போதுகூட ஸ்டென்ட் வைக்க முடியும் என்றார். என் கணவர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கார்," என்றேன்.

மாத்திரையையே தொடர்வது என்று முடிவாயிற்று. வலியை மறைத்தது நான்தான். அது தீர்ந்தால் அவர் மூன்று மாடியும் ஏறிவிடுவார். வீட்டில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது அவர் எங்கும் போவதில்லை. ஆகவே வலியும் இல்லை. மருத்துவரிடம் நான் பொய் சொல்லவில்லை.