எண்ணெய்ச் சத்தம்

அட, எனக்கு ஒண்ணும் வேண்டாம், பபன் தம்பி. நான் வாங்க வரல, குடுக்க வந்திருக்கேன். அந்தக் கரண்டிய வச்சுட்டு இந்த டப்பாவத் தொறந்து பாரு. வடைதான். நீ போடற அதே உருளைக்கிழங்கு வடை. பயப்படாத, டோம்பிவிலியில உனக்கு எதிர்க்கடை போடற வயசா எனக்கு? தத்தாராம் வீட்டுக்காரி நான். ஆமா, லோக்கல் ரயில் ஓட்டி ரிடையர் ஆனாரே, அந்த மோட்டார்மேனேதான். தெனமும் சாயங்காலம் கூட்டாளிங்களோட இந்த மரத்தடியில நின்னு உன்கிட்ட வடாபாவ் வாங்கறாரே.

சித்தி மொறையில காக்கூன்னு கூப்பிட்டுட்டு, என்ன இழுக்குற, அவரு வந்து, அவரு வந்துன்னு? எங்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருக்காரா? விடு, உன்னக் குத்தம் சொல்ல வரல. எங்கிட்ட லைப்ரரிக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வருவாரு. பேப்பர் படிச்சா சட்டையில பூண்டுச் சட்னி வாசம் வருமா, நீயே சொல்லு. துவைக்கிறவ நான்தானே.

நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுஷன், தம்பி. எண்ணெய்ப் பலகாரத்தக் கண்ணால கூட பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நானும் சண்ட போட்டேன், அழுதேன். அப்புறம் ஒரு வாரம் பேசாமக்கூட இருந்து பாத்தேன். அது அவருக்கு நிம்மதியாப் போச்சு. சரி, இவரு வடைய விடமாட்டாரு, வடையிலேருந்து எண்ணெயத் தொரத்துவோம்னு நான்தான் எறங்குனேன்.

இரு, இரு. என்னவோ சொல்ல வர்ற, அப்புறம் சொல்லு. நடுவுல விட்டா எனக்கு மறந்துரும்.

மொதல்ல ஆவியில வேக வச்சேன். ஒரு கடி கடிச்சுட்டு, வீட்ல யாருக்குக் காய்ச்சல்னு கேட்டாரு. அப்புறம் கோதுமை மாவுல பாவ் ரொட்டி சுட்டேன். அவரு தொடவே இல்லன்னு அதக் காக்காய்க்கு வச்சேன். அது ரெண்டு கொத்து கொத்திப் பாத்துட்டு அலகத் தேச்சுக்கிட்டுப் பறந்துருச்சு. அதுக்கப்புறம்தான், பரண் மேல கெடந்த பணியாரக்கல்லு ஞாபகம் வந்துச்சு. பாதி உருளை, பாதி வாழைக்கா. இஞ்சி, பூண்டு, பச்சமொளகா, கடுகு எதுலயும் கைய இழுத்துப் பிடிக்கல. கடலமாவுல முக்கி, குழிக்கு ஒரு சொட்டு எண்ணெய். குச்சியால திருப்பித் திருப்பி விட்டா சுத்திவர மொறுமொறுன்னு வருது. ஒண்ணு வாயில போடேன். ம்? பாத்தியா. உன் மொகமே சொல்லுது.

ஆனா அந்தாளு காது இருக்கே, அதுதான் எனக்கு எமன். பின்னாடி பெட்டியில ஒரு சக்கரம் சத்தம் மாறுனாலும் முன்னாடி உக்காந்துகிட்டே கண்டுபிடிச்சுடுவாராம். அப்படிப்பட்டவரு. நான் சமையக்கட்டுல கதவ சாத்திக்கிட்டு பணியாரக்கல்ல வைப்பேன். ஹால்ல டிவி அலறும். அதையும் தாண்டி, என்ன, எண்ணெய்ச் சத்தத்தையே காணோம், இன்னிக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடான்னு குரல் வரும். நானும் விடுவேனா? ஒரு நாள் வெறும் வாணலியக் காய வச்சுத் தண்ணியத் தெளிச்சேன். சுர்ருனு வந்துச்சு பாரு ஒரு சத்தம். மனுஷன் வாயெல்லாம் பல்லா வந்து உக்காந்துட்டாரு. ஒண்ண எடுத்துக் கடிச்சுட்டு, சத்தம் நல்லாருக்கு, வடை எங்கங்கறாரு.

ருசியில கொற இல்ல, தம்பி. நான் குடுத்தா மருந்துன்னு நெனக்கிறாரு, அதான் விஷயம். அதனாலதான் உன்கிட்ட வந்தேன். இந்த டப்பாவ அந்தத் தட்டுக்குப் பின்னால வச்சுக்க. அவரு வந்தா, இதுல ஒண்ண எடுத்து உன் பாவுக்குள்ள வச்சு, உன் சட்னியத் தூவி, உன் கையால பேப்பர்ல சுத்திக் குடு. காசு நீயே வாங்கிக்க. சின்னதா இருக்குன்னு கேட்டா கெழங்கு வெல ஏறிப்போச்சுன்னு சொல்லு. வெளுப்பா இருக்கா? இருட்டுற நேரத்துல யாரு தூக்கிப் பிடிச்சுப் பாக்கப் போறா.

இங்க வராம தடுத்தா என்னவா? தடுக்கலாம்னுதான் ஒரு நாள் பின்னாலயே வந்தேன். அதோ, அந்தக் காய்வண்டிக்கு அந்தாண்ட நின்னேன். கையில பொட்டலத்த வச்சுக்கிட்டு, கூட்டாளி முதுகுல தட்டித் தட்டிச் சிரிச்சுக்கிட்டிருக்காரு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா வீட்ல அப்படி ஒரு சிரிப்ப நான் பாக்கல. அந்தச் சிரிப்ப நிறுத்திட்டு எந்த நெஞ்சக் காப்பாத்தப் போறேன்? கத்திரிக்கா வாங்கிட்டுப் பேசாம திரும்பிப் போயிட்டேன்.

சரி, நான் முடிச்சுட்டேன். இப்ப சொல்லு, என்னமோ சொல்ல வந்தியே.

திங்கிறதில்லையா? என்ன ஒளர்ற? வாங்குறாரே, நானே கண்ணால பாத்தேனே. பாத்தேன்... கையில வச்சிருந்தாரு, ஆமா. நான் அதோட போயிட்டேன். பிச்சு, விரலால சட்னிய மட்டும் தொட்டு நாக்குல வச்சுக்கிட்டு, மிச்சத்த எதிர் பில்டிங் வாட்ச்மேனுக்குக் குடுத்துடறாரா? தெனமுமா? எப்பலேருந்து?

கணபதியக் கரச்சதுலேருந்தா.

கொஞ்சம் தண்ணி குடு, தம்பி. ஒண்ணுமில்ல, வெயில்ல வந்தது.

கரச்ச மறுநாள்தான் டாக்டர்கிட்ட போயிருந்தோம். இவரு தெரைக்கு அந்தாண்ட சட்டையப் போட்டுக்கிட்டு இருந்தாரு. டாக்டர் என்னக் கிட்டக்க கூப்பிட்டு, ரொம்ப மெதுவாத்தான் சொன்னாரு. ரத்தக்கொழா எல்லாம் மோசமாயிருச்சாம். இனிமே ஸ்டென்டும் வைக்க முடியாது, ஆபரேஷனும் ஒடம்பு தாங்காது, இருக்கிற வரைக்கும் பத்தரமா பாத்துக்குங்கன்னாரு. வெளிய வந்து இவருகிட்ட, எல்லாம் நல்லாருக்காம், வடைய மட்டும் விடணுமாம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். இவரும் சிரிச்சாரு. புனேல இருக்கிற மகன்கிட்டகூட நான் இன்னும் வாயத் தொறக்கல. மொதல்ல உன்கிட்டத்தான் சொல்றேன், பாரேன்.

மெதுவாத்தாம்ப்பா சொன்னாரு. தெரைக்கு அந்தாண்ட அந்தக் காது இருந்தத நான் மறந்துட்டேன்.

என் சண்டைக்கும் அழுகைக்கும் விடாதவரு, தானா விட்டிருக்காரு. விட்டது தெரிஞ்சா, டாக்டர் சொன்னது காதுல விழுந்துருச்சுன்னு நான் கண்டுபிடிச்சுருவேன்னு, தெனம் இங்க வந்து சட்டையில சட்னி வாசத்த ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வர்றாரு. நானும் தெனம் மோந்து பாத்துட்டு, திருட்டு மனுஷன்னு உள்ளுக்குள்ள திட்டிக்கிட்டு, ஒரு வகையில நிம்மதியா இருந்துட்டேன். பழைய ஆளாத்தானே இருக்காருன்னு.

ஏய், நீ எதுக்குக் கண்ணத் தொடைக்கிற? கடல மாவு பட்டுச்சா? சரி சரி. அந்த அடுப்ப ஏத்து. உன் வாணலியில ஒரே ஒரு வடை போடு, பெரிசா. பாதி எனக்கு, பாதி அவருக்கு. ஒரு பாதியில ஒண்ணும் ஆயிடாது. கூட்டாளிங்களுக்கு என் வடையக் குடு, வாழைக்கான்னு சொல்லாத. அரை கிளாஸா ரெண்டு கட்டிங் டீயும் சொல்லு.

அதோ தெருமுனையில திரும்பிட்டாரு பாரு, லைப்ரரிக்குப் போறவரு. டப்பாவ எதுக்கு ஒளிக்கிற? மேலயே இருக்கட்டும். நீ வடையப் போடு, சத்தம் அங்க வரைக்கும் கேக்கட்டும்.